ஒன்பது புள்ளி மூன்று

எய்தவள் நான் இருக்க
அம்பை நொந்துகொண்டுதான்
ஹால்வாரின் கடைக்குள் நுழைந்தேன்.
சூர்செலேயில் ஜூன் மாதம், இரவே இல்லாத வாரம்.
கல்லாவுக்குப் பக்கத்தில் தூண்டில், கொசு மருந்து,
அதற்கும் பின்னால்
கம்பிக்கதவுக்குள் தோட்டாக்கள்.

போன அக்டோபரில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.
ஊருக்கே தெரியும்.
ஆறரை மில்லிமீட்டர்,
பென்சில் போல ஒல்லி, பென்சில் போல நேர்.
அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
பட்டது, பட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால்.
என் கையால் ஒரு சாண்.

அந்த ஆண் மூஸ் சதுப்பைக் கடந்து போனது.
மேரெத்தும் அவள் நாயும் நானும்
தலைவிளக்கோடு பின்னால் போனோம்.
ஒரு துளி, பிறகு ஒன்றுமில்லை,
பிறகு தரையோடு படர்ந்த லிங்கன்பெர்ரிச் செடியில்
பழமா ரத்தமா என்று
விரலால் தொட்டுத் தொட்டு.
காலை ஆறு மணிக்கு நாய் நின்றது.
அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஹால்வார் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
"மேக்னம். கோபக்காரன்.
உன் தோளையும் கறியையும் சேர்த்துக் கிழிப்பான்.
இது முந்நூற்றெட்டு, எல்லோரும் வாங்குவது,
ஒரு குறையும் கிடையாது, அதுதான் இதன் குறை."
மூன்றாவதைத் திறக்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

பெர்லினில் பிறந்தது, ஆப்பிரிக்காவுக்கென்று செய்தது,
எப்படியோ எங்கள் பனியில் வந்து ஒட்டிக்கொண்டது.
நூறு வயது தாண்டியும்
யாரும் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை.
குண்டு மட்டும் பதினெட்டரை கிராம்.
இரண்டு பவுனுக்கு மேலேயே இருக்கும்,
சங்கிலியாக இருந்தால் கழுத்தில் போடலாம்.

"வேகம் இல்லை" என்றார், பெருமையாக.
"இருநூறு மீட்டருக்கு அப்பால் தலையைத் தொங்கப்போடும்."
இருநூறு மீட்டர் திறந்தவெளிக்கு
எங்கள் காட்டில் நான் எங்கே போவேன்?
"கறி கெடாது. துளைக்கு இரண்டு விரல் தள்ளி
வெட்டி வாணலியில் போடலாம்."
"ஒரு சாண் தள்ளிப் பட்டால்?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு சாண் தள்ளிப் பட்டால்
ஒரு சாண் தள்ளித்தான்."

வாங்கினேன்.
அதற்கேற்ற பழைய மாசர் ஒன்றையும்,
யாரோ ஒருவரின் கன்னம் தேய்த்துப்
பளபளத்த கட்டையோடு.

ஆகஸ்டில் பயிற்சித் திடல்.
தண்டவாளத்தில் பலகை மூஸ் ஓடிவரும், ஓடிப்போகும்.
இரண்டாம் நாள் தோளில் நாவல்பழ நிறம்.
வேட்டைத் தலைவர் எவால்ட் வாய் திறக்கவில்லை.
நான் பார்க்காத நேரத்தில்
சுட்டு முடித்த காலி உறையை உள்ளே போட்டு
என்னிடம் நீட்டினார்.
குறிபார்த்தேன், அழுத்தினேன்.
டிக்.
வெடிக்காத துப்பாக்கி
என் கையில் தலைகுனிந்து கும்பிட்டது.
கண்ணையும் மூடியிருந்தேன்.
அப்போது புரிந்தது, அந்தப் பென்சில் தோட்டா
ஒரு தப்பும் செய்யவில்லை.

பிறகு பத்து நாள் காலி உறை.
சமையலறையில், அடுப்பின் மேல்
ஆணியில் மாட்டிய கரண்டியைக் குறிபார்த்து.
டிக். டிக்.
சூப் பொங்கி வழிந்த நாள்களும் உண்டு.

செப்டம்பர், முதல் திங்கள்.
எட்டாம் எண் இருக்கையில் நான்.
ஐந்நூறு கிலோ ஆணை நினைத்து வாங்கிய தோட்டாவின் முன்
ஒரு தாய் வந்து நின்றது, அதன் பின்னால் கன்று.
கன்றுதான் முதலில், அது எங்கள் விதி.
எழுபது மீட்டர்.
கண் திறந்தே இருந்தது. பழுப்பு மயிரில்
ஒட்டிய பைன் ஊசிகூடத் தெரிந்தது.

நின்ற இடத்திலேயே விழுந்தது.
வானொலியில் எவால்ட்: "தேட நாய் அனுப்பவா?"
"வேண்டாம்."

அருகே போய்க் கையை விரித்து
அளக்கப் போனேன், பழக்கதோஷம்.
அளக்க ஒன்றுமில்லை.
தாய் மட்டும் பிர்ச் மரங்களின் ஓரம் வரை போய்
திரும்பி நின்றது.
குழல் இன்னும் சுட்டது.
நான் உட்காரவில்லை, அது போகும்வரை.